வான்ஸ்டெட் பூங்கா இருக்கிறது, மாளிகை எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டன் மேனர் பார்க் முருகன் கோயிலிலிருந்து வடக்கே நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் வான்ஸ்டெட் பூங்கா வந்துவிடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் வழக்கம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது சும்மா ஒரு பார்க்தானே? இதுல என்ன வரலாறு இருக்கு?

நீங்கள் நடக்கும் புல்வெளி, குளங்கள், மர வரிசைகள் எல்லாமே ஒரு வீட்டுக்காகப் போடப்பட்ட தோட்டம். அந்த வீட்டுக்கு வான்ஸ்டெட் ஹவுஸ் என்று பெயர். 1715-ல் கட்ட ஆரம்பித்து 1722 வாக்கில் முடித்தார்கள். இங்கிலாந்தின் மிக அழகான மாளிகைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. தோட்டத்தோடு சேர்த்து 3,60,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள்.

1823-ல் அதே மாளிகையை வெறும் கல், மரம், ஈயம் என்ற கணக்கில் 10,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். கட்டி முடித்து நூறு வருடம்தான் ஆகியிருந்தது. ஓரிரு வருடத்தில் தரைமட்டம். வீடு போய் இருநூறு வருடமாகியும் தோட்டம் மட்டும் நிற்கிறது. வீட்டை நடுவில் வைத்துப் போட்ட தோட்டம் என்பதால், அங்கே எதைப் பார்த்தாலும் இல்லாத ஒன்றின் பக்கம் கை காட்டுவது போல இருக்கும்.

வீடு சரியா எந்த இடத்துல இருந்துச்சு? மேப்புல காட்ட மாட்டேங்குதே.

இன்று அது வான்ஸ்டெட் கோல்ஃப் கிளப்பின் மைதானம். 1893-ல் தொடங்கிய கிளப் அது. மாளிகையின் குதிரை லாயம்தான் இப்போது கிளப் கட்டடம். வீடு நின்ற இடத்தில் நிலம் பள்ளமாக இறங்கியிருக்கிறது. அடித்தளத்தையும் நிலவறையையும் பெயர்த்தெடுத்த குழி அது.

கோல்ஃப் மைதானத்துக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. பூங்காவுக்குள்ளிருந்தே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆர்னமென்டல் வாட்டர் என்ற நீண்ட நீர்நிலையின் கரையில் நின்று மேற்கே பார்த்தால், இரண்டு பக்கமும் மரங்கள் விலகி நிற்க, நடுவில் அகலமான புல்தரை மேலேறிப் போகும். அதற்கு கிளேட் என்று பெயர். அதன் உச்சியில் வேலி தெரியும். அந்த வேலிக்கு அப்பால்தான் மாளிகை. முதல்முறை வருகிறவர்களை நான் கூட்டிப்போய் நிறுத்துவது அங்கேதான்.

போறதுக்கு எந்த ஸ்டேஷன்?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வான்ஸ்டெட் பார்க் என்ற ஓவர்கிரவுண்ட் நிலையம் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறது. அங்கிருந்து வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற திறந்த வெளியைத் தாண்டி நடக்க வேண்டும். சென்ட்ரல் லைனில் வான்ஸ்டெட் நிலையத்தில் இறங்கினால் செயின்ட் மேரி தேவாலயத்தையும், ஓவர்டன் டிரைவ் முனையில் இன்னும் நிற்கும் இரண்டு பழைய வாயில் தூண்களையும் பார்த்துக்கொண்டே வரலாம். ஏப்ரல் கடைசியில் வந்தால் சேலே வுட் பகுதியில் நீலமணிப் பூக்கள் தரை முழுக்கப் பூத்திருக்கும். தயவுசெய்து பாதையை விட்டு இறங்கி மிதித்துவிடாதீர்கள்.

அதுக்கு முன்னாடி அங்க வெறும் காடா?

இல்லை. 1715-ல் தோட்ட வேலைக்குத் தோண்டும்போது ரோமானியர் காலத்து மொசைக் தரையே கிடைத்தது. டியூடர் மன்னர்கள் காலத்தில் இங்கே வேறொரு மாளிகை இருந்தது. 1553-ல் முதலாம் மேரி அரியணை ஏற லண்டனுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். பிறகு அது எலிசபெத் ராணிக்கு மிகவும் வேண்டியவரான லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் கைக்கு வந்தது. ராணியை இங்கே அழைத்து விருந்து வைத்து நாடகமும் போட்டார் டட்லி. 1578 செப்டம்பரில் ராணிக்குத் தெரியாமல் லெட்டிஸ் நோலிஸ் என்ற பெண்ணை இதே வீட்டில் கல்யாணமும் செய்துகொண்டார். விஷயம் தெரிந்ததும் ராணிக்கு வந்த கோபம், லெட்டிஸ் விஷயத்தில் கடைசிவரை தணியவில்லை.

மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்கும் இந்த இடத்துக்கும் தொடர்புன்னு சொல்றாங்களே, கதை விடுறாங்களா?

உண்மைதான். சென்னைக்காரர்களிடம் இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நின்று நிதானமாகத்தான் சொல்வேன். 1673 வாக்கில் வான்ஸ்டெட்டை வாங்கியவர் சர் ஜோசையா சைல்ட். கடற்படைக்குச் சரக்கு கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கியவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவராகி, 1680-களில் இரண்டு முறை அதன் லண்டன் தலைவராகவும் இருந்தார். புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வளர்ந்த ஊருக்கு மேயரோடு கூடிய மாநகராட்சி வேண்டும் என்று யோசனை சொல்லி, இரண்டாம் ஜேம்ஸ் மன்னரைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். உள்ளூர்க்காரர்களையும் அதில் சேர்த்துக்கொண்டால் வரி வசூலிப்பது எளிது என்பது கணக்கு. 1687 டிசம்பர் 30-ல் சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது.

அதே சைல்ட் தலைமையில்தான் கம்பெனி அவுரங்கசீப்போடு சண்டைக்குப் போய், தோற்று, 1,50,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டது. சண்டைக்கே சைல்டின் போர் என்று ஒரு பெயர் உண்டு. தலைவராக இருந்த அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. உத்தரவுகள் கடிதமாகக் கப்பலேறி வந்தன.

வான்ஸ்டெட்டில் அவர் செய்த வேலை மண்ணிலும் மரத்திலும்தான். 1683-ல் வந்து பார்த்த ஜான் ஈவ்லின், இப்படி ஒரு வறண்ட இடத்தில் மைல் கணக்கில் வால்நட் மரம் நட்டு, மீன் குளம் வெட்டி, கணக்கில்லாமல் செலவு செய்கிறாரே என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். திடீர்ப் பணக்காரர்கள் இப்படித்தான் என்ற எரிச்சலும் அதில் இருக்கிறது.

அப்ப அந்தப் பெரிய மாளிகையக் கட்டினதும் அவர்தானா?

அவர் மகன் ரிச்சர்ட் சைல்ட். தந்தை 1699-லும் மூத்த சகோதரர் 1704-லும் இறந்ததால் சொத்து அவருக்கு வந்தது. முதலில் தோட்டத்தைத்தான் பெரிதாக்கினார். அப்புறம் பழைய டியூடர் வீட்டை இடித்துவிட்டு, காலென் கேம்ப்பெல் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிதாகக் கட்டினார். வணிகர் மகனாகப் பிறந்தவர் 1731-ல் டில்னி பிரபுவாகிவிட்டார். ஃபாரஸ்ட் கேட்டில் டில்னி ரோடு பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இப்போது பெயர் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இத்தாலியின் பலாடியோ பாணியை இங்கிலாந்தில் வேரூன்ற வைத்த முதல் சில வீடுகளில் இது ஒன்று. வெள்ளைக் கல், சுமார் 260 அடி நீள முகப்பு, நடுவில் ரோமானியக் கோயில் போல ஆறு தூண்கள் தாங்கும் மண்டபம். பின்னால் வந்த எத்தனையோ பிரபுக்களின் வீடுகள் இதைப் பார்த்துக் கட்டியவைதான். உள்ளே கூடத்து விதானத்தில் வில்லியம் கென்ட் ஓவியம் தீட்டினார். அந்தக் குடும்பம் விருந்தினரோடு கூடத்தில் அமர்ந்திருப்பதை ஹோகார்த் வரைந்த ஓவியம் ஒன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் திரைச்சீலைகளையும் கணப்பு அடுப்பையும் பார்த்துவிட்டு வந்து கிளேடில் நின்றால் மனது என்னவோ செய்யும்.

இவ்ளோ பெரிய வீட்ட எதுக்கு இடிச்சாங்க? தீப்பிடிச்சுதா, குண்டு விழுந்துதா?

இரண்டும் இல்லை. கடன். 1805-ல் சிறுவனான தம்பி இறந்ததால் டில்னி பிரபு வழிவந்த கேத்தரின் டில்னி-லாங் என்ற பெண்ணுக்கு எல்லாச் சொத்தும் வந்தது. ஆண்டு வருமானமே சுமார் 40,000 பவுண்டு என்று அன்று பேசிக்கொண்டார்கள். பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரான கிளாரன்ஸ் கோமகன் கூட அவரைப் பெண் கேட்டார். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1812 மார்ச்சில் வில்லியம் வெல்லெஸ்லி-போல் என்ற இளைஞரைக் கேத்தரின் மணந்தார். மாப்பிள்ளை தன் பெயரோடு மனைவி வீட்டுப் பெயர்களையும் சேர்த்து போல்-டில்னி-லாங்-வெல்லெஸ்லி ஆனார்.

பத்தே வருடம். விருந்து, வேட்டை, தேர்தல் செலவு, புதுத் தோட்ட வேலை என்று காசு கரைந்தது. எம்.பி.யாக இருந்தவரை கடனுக்காக அவரைக் கைது செய்ய முடியாது. அந்தப் பதவி போனதும் கடன்காரர்கள் நெருங்கினார்கள். 1822-ல் பிரான்சுக்கு ஓடிப்போனார். அந்த ஜூனில் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஏலம் 32 நாள் நடந்தது. கிடைத்தது சுமார் 41,000 பவுண்டு. அது கடனுக்குப் போதவில்லை. முழு வீட்டையும் வாங்க ஆளில்லை. கடைசியில் நார்விச் ஊர் வியாபாரிகளுக்கு இடிப்பதற்கென்றே விற்றார்கள். கட்டடப் பொருள் ஒரேயடியாகச் சந்தையில் குவிந்ததால் விலை விழுந்து, வாங்கியவர்களும் திவாலானார்கள்.

வெல்லெஸ்லின்னா நம்ம திப்பு சுல்தான் கதையில வர்ற வெல்லெஸ்லியா?

அதே குடும்பம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கவர்னர்-ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லியும், அங்கே படையோடு இருந்து பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லியும் இந்த வில்லியமின் தந்தையோடு உடன்பிறந்தவர்கள். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது ரிச்சர்ட் பதவியில் இருந்த காலத்தில்தான். சித்தப்பா ஆர்தர் குடும்பத்தின் தயவில்தான் வில்லியமின் கடைசிக் காலம் ஓடியது. அந்தக் குடும்பம் கொடுத்த வாராந்தரப் படியில் லண்டன் வாடகை அறையில் காலம் தள்ளி 1857-ல் இறந்தார்.

பொண்டாட்டி சொத்துதானே? அந்தம்மா குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?

சொல்ல முடியாது என்பதுதான் அன்றைய சட்டம். இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் பணம், நகை, சாமான் எல்லாம் கணவனுடையவை. அவள் பெயரில் உள்ள நிலத்தின் வருமானமும் அவனுக்கே. பணக்கார வீடுகளில் கல்யாண ஒப்பந்தம் எழுதி நிலத்தை மட்டும் வாரிசுகளுக்காகக் காப்பாற்றி வைப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆனது. நிலம் குடும்பத்தில் தங்கியது, வீடும் சாமானும் கடனுக்குப் போயின. மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று முழுமையான சட்டம் வந்தது 1882-ல்தான்.

கேத்தரினை முட்டாள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு தவறான ஆளை நம்பினார். கணவர் வேறொரு பெண்ணோடு போன பிறகு பிள்ளைகளை அவரிடமிருந்து காப்பதில் உறுதியாக நின்றார். 1825 செப்டம்பரில் 35 வயதில் இறந்தார். அவருடைய சகோதரிகள் பிள்ளைகளை விட்டுக்கொடுக்காமல் வழக்காடினார்கள். 1827-ல் எல்டன் பிரபு, இந்தத் தந்தையிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னார். தந்தையின் உரிமையே எல்லாம் என்றிருந்த காலத்தில் அது மிக அரிய தீர்ப்பு. மாளிகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தச் சகோதரிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கதவு, தூண், சாமான் எல்லாம் எங்க போச்சு?

நாலா பக்கமும் சிதறிவிட்டன. வடக்கே நார்தம்பர்லாந்தில் சில்லிங்ஹாம் கோட்டையில் வான்ஸ்டெட்டிலிருந்து போன கணப்பு அடுப்பு முகப்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். மேஜை, நாற்காலி, ஓவியங்கள் ஏலத்தில் எடுத்தவர்கள் வீடுகளுக்குப் போய், அங்கிருந்து அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போயிருக்கின்றன. ஊரிலேயே இருப்பவை மேலே சொன்ன வாயில் தூண்களும் லாயமும்தான்.

அண்ணை, குளத்துக்குப் பக்கத்தில இடிஞ்சு கிடக்கிறது என்ன, கோயிலோ?

அது குரோட்டோ. செயற்கைக் குகை என்று சொல்லலாம். ரிச்சர்டின் மகன், இரண்டாம் டில்னி பிரபு, 1760-களில் கட்டியது. கீழே படகு நிறுத்துமிடம், மேலே சிப்பியும் பளிங்குக் கற்களும் கண்ணாடியும் பதித்த குவிமாட அறை. நிலாவில் படகில் வந்து இறங்குகிற விருந்தினர் அசந்துபோக வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது. மாளிகை இடிந்தபோதும் இது தப்பியது. பூங்காவை மக்களுக்குத் திறந்து இரண்டு வருடம் கழித்து, 1884-ல், தீ விபத்தில் எரிந்துபோனது. மிஞ்சியது நீர்ப்பக்க முகப்பு மட்டும்.

கோயில் என்று பெயருள்ளது இன்னொன்று. டெம்பிள் என்பார்கள். நான்கு தூண்களோடு சின்னதாக இருக்கும். சாமி கும்பிடக் கட்டியதல்ல, தோட்ட அலங்காரம். ஆர்னமென்டல் வாட்டரில் மரம் மூடிக் கிடக்கும் குட்டித் தீவுக் கூட்டத்துக்கு ஃபோர்டிஃபிகேஷன்ஸ் என்று பெயர். பொம்மைக் கடற்போர் நடத்தப் பீரங்கிகளை அங்கே வைப்பார்களாம். இப்போது நீர்ப்பறவைகளுக்கு நல்ல மறைவிடம்.

குளத்துல தண்ணியே இல்லையே, பராமரிக்க மாட்டாங்களா?

மண் அப்படி. சரளை நிலத்தில் வெட்டிய குளங்கள், நீர் கசிந்து போகும். பக்கத்தில் ரோடிங் ஆறு இருந்தும் கோடையில் ஆர்னமென்டல் வாட்டர் சேறாகிவிடுவதை நானே பல வருடம் பார்த்திருக்கிறேன். ஆபத்தில் உள்ள மரபிடங்கள் பட்டியலில் இந்தப் பூங்கா இருப்பதற்குக் குளங்களின் நிலையும் ஒரு காரணம்.

பிரபு வீட்டு நிலம் எப்படி எல்லாருக்கும் பொதுவாச்சு? சும்மா குடுத்துட்டாங்களா?

சும்மா வரவில்லை, இதில் மக்கள் போராட்டம் இருக்கிறது. வில்லியமும் மகனும் இறந்தபின் எஸ்டேட் உறவினரான கௌலி பிரபுவுக்குப் போனது. அவர் தரப்பு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் மேய்ச்சல் வெளியில் வேலி போட்டது. 1871 ஜூலை 8 அன்று கிழக்கு லண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

நீதிமன்றத்திலும் வேலை நடந்தது. எஸ்டேட்டுக்குச் சொந்தமாயிருந்த ஆல்டர்ஸ்புரூக் பண்ணை நிலத்தை லண்டன் சிட்டி நிர்வாகம் இடுகாட்டுக்காக வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு, வான்ஸ்டெட் ஃபிளாட்ஸும் சேர்ந்த எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் பழைய உரிமையும் சேர்ந்து வந்தது. அந்த உரிமையைக் காட்டித்தான் எப்பிங் காட்டை அடைத்த நிலச்சுவான்தார்கள் மேல் சிட்டி வழக்குப் போட்டது. 1874-ல் ஜெயித்தது. ஒரு இடுகாடு வாங்கப் போய் ஒரு காடே பிழைத்தது.

1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்து சிட்டி நிர்வாகம் காப்பாளரானது. 1880-ல் கௌலி பிரபுவிடமிருந்து 184 ஏக்கர் பூங்கா நிலத்தை 8,000 பவுண்டுக்கு வாங்கி, 1882 ஆகஸ்ட் 1 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வீடு நின்ற மேட்டுப் பகுதி அதில் சேரவில்லை. இன்று நாம் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

இங்கிலாந்துல பெரிய வீடெல்லாம் உலகப் போருக்கு அப்புறம்தானே இடிச்சாங்க?

பெரும்பாலும் அப்படித்தான். வாரிசு வரி, வேலையாள் கிடைக்காமை, போர்க்காலத்தில் ராணுவம் தங்கிச் சேதமானது என்று பல காரணங்கள். 1955-ல் ஐந்து நாளுக்கு ஒரு வீடு என்ற வேகத்தில் இடித்தார்கள் என்பார்கள். 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இப்படி அழிந்த வீடுகளுக்கென்றே கண்காட்சி நடத்திய பிறகுதான் பலருக்கு உறைத்தது. வான்ஸ்டெட் அதற்கெல்லாம் நூறு வருடம் முந்தியது. அங்கே வரியும் இல்லை, போரும் இல்லை. மேலே சொன்னபடி, ஒரு மனிதரின் கடனும் அதற்கு இடம் கொடுத்த சட்டமும்தான்.

அப்படிப் பார்த்தா அது நம்ம ஊர்க் காசுல கட்டின வீடுதானே?

இந்தக் கேள்வி வரும் என்று எப்போதும் காத்திருப்பேன். சுருக்கமாக ஆமாம், இல்லை என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஜோசையாவின் செல்வம் ஒரே வழியில் வந்ததல்ல. கடற்படைச் சரக்கும் பிற வியாபாரமும் முதலில். ஆனால் அவரைப் பெரும் பணக்காரராக்கியது கம்பெனிப் பங்குகள். அந்தக் காலத்துக் கம்பெனி லாபத்தில் பெரும்பகுதி துணி. வங்காளம், சூரத் துணியோடு சோழமண்டலக் கரையில் நெசவாளிகள் நெய்து, சாயம் தோய்த்து, மெட்ராஸ் வழியாகக் கப்பலேறிய துணியும் அதில் கணிசம். அவர் மகன் மாளிகை கட்டியது அந்தப் பரம்பரைச் சொத்திலிருந்து. எந்தத் தூண் எந்தக் காசில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் கரைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நேரமிருந்தால் செயின்ட் மேரி தேவாலயத்துக்கும் போங்கள். 1790-ல் கட்டி முடித்த அந்த ஆலயத்தில், பழைய ஆலயத்திலிருந்து கொண்டுவந்து வைத்த ஜோசையா சைல்டின் பெரிய பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ரோமானியர் போல உடுத்தி, தலையில் தன் காலத்துப் பொய்முடியோடு இருப்பார். ரிப்பன் மாளிகையில் வரி கட்டிய ஒரு சித்தப்பாவை அங்கே கூட்டிப்போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும், "அப்ப இவர்தான் ஆரம்பிச்சு வச்சவரா?" என்று மட்டும் கேட்டார்.